மலையகத்துக் குளிர்காலத்தில் சைக்கிளைப் பழுதின்றி வைத்திருப்பது எப்படி

மார்கழி பிறந்ததும் இலங்கை மலையகத்தில் பல வீடுகளின் சைக்கிள் இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை) மூலைக்குப் போய்விடுகிறது. காலையில் நெடுநேரம் விலகாத மூடுபனி, வழுக்கும் தார் வீதி, பாடசாலை விடுமுறை என்று அதற்குக் காரணங்கள் உண்டு. மாசி கழிந்து அதை மீண்டும் வெளியே எடுக்கும்போது செயின் விறைத்திருக்கும், பிரேக் கேபிள் இறுகியிருக்கும், ரிம் முழுவதும் செம்புள்ளிகள் பூத்திருக்கும். குளிர்தான் இப்படிச் செய்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். குளிர் தனியே இரும்பை ஒன்றும் செய்வதில்லை. குளிரோடு வந்து படியும் நீரே அதை அரிக்கிறது. ஆகவே இந்த மூன்று மாதப் பராமரிப்பு முழுவதும் இரண்டு வேலைகளில் அடங்கிவிடும்: உள்ளே புகுந்த நீரை வெளியேற்றுவது, வெளியே இருக்கும் காற்றைத் தடையின்றி உலவ விடுவது.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அங்கே இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது வழமை. வானம் தெளிந்த இரவுகளில் அம்பேவெல, ஹோர்ட்டன் சமவெளி போன்ற இடங்களின் புல்வெளிகளில் தரை உறைபனியும் படிகிறது. காற்று குளிரக் குளிர அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறைகிறது. மிஞ்சிய நீராவி, சுற்றிலும் உள்ள பொருள்களில் எது விரைவில் குளிர்கிறதோ அதன் மேல் துளியாகப் படிகிறது. திறந்த வெளியிலும் கூரைத் தகரத்திலும் அப்படி முதலில் குளிர்வது உலோகம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தகரக் கூரையின் உட்புறத்தில் விடியற்காலையில் கோத்து நிற்கும் நீர் முத்துகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே புரியும். மழை ஒரு துளியும் பெய்யாத இரவில்கூடக் கூரைக்குக் கீழே நிற்கும் சைக்கிள் நனைகிறது.

எந்த மாதத்தில் ஒதுக்கி வைப்பது என்பதில் மலையகம் முழுவதற்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் ஒக்டோபரில் தொடங்கும் மழை, வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து ஜனவரி வரை நீள்கிறது. அங்கே குளிரும் ஈரமும் கைகோத்து வருவதால் நவம்பரிலேயே ஆயத்தமாகிவிட வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்தில் பெருமழை மே முதல் செப்டெம்பர் வரை பெய்துவிடுகிறது. தை, மாசியில் பகல் காய்ந்தும் இரவு நனைந்தும் இருக்கும். அந்தப் பகுதியில் விளையும் டிம்புல தேயிலைக்கு மணம் கூட்டும் அந்தக் காய்ந்த குளிர் சைக்கிளுக்கும் ஓரளவு நல்லதுதான். ஆனால் அந்தப் பக்கத்துச் சைக்கிள்கள் மழைக்காலத்தில் குடித்த நீரை உள்ளேயே வைத்துக்கொண்டு குளிர்காலத்துக்குள் நுழைகின்றன என்பதை மறந்துவிடக்கூடாது.

கழுவுதலும் உள்நீரை வடித்தலும்

சேற்றோடு வைத்த சைக்கிளுக்கு எந்த எண்ணெயும் உதவாது. மண் காய்ந்துவிட்டதுபோலத் தோன்றினாலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தான் ஒட்டியிருக்கும் இரும்பை இரவும் பகலும் நனைத்துக்கொண்டே இருக்கும். தோட்டத்திலும் மரக்கறிப் பாத்தியிலும் ஓடிய சைக்கிள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். யூரியா, அமோனியம் சல்பேட் போன்ற பசளைகளின் தூளும் கோழி எருவும் மட்காட்டின் உட்புறத்திலும் கரியரின் மடிப்புகளிலும் படிந்திருக்கும். பனி நாடுகளில் வீதிக்குத் தூவும் உப்பு சைக்கிளுக்கு என்ன செய்கிறதோ, ஏறக்குறைய அதே தீங்கை இங்கே பசளை செய்கிறது. கரியரில் பசளை மூட்டை ஏற்றும் வழக்கம் உள்ளவர்கள் அந்த மடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவது கட்டாயம்.

கழுவுவதற்குப் பலரும் சைக்கிளைப் பீலிக்குக் கொண்டுபோய், விழும் தண்ணீருக்கு நேரே பிடிக்கிறார்கள். வேலை விரைவில் முடியும் என்பது உண்மைதான். ஆனால் உயரத்திலிருந்து விழும் நீர், ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) ஓரத்திலும் பெடல் சுழலும் கிராங்க் அச்சிலும் ஹாண்டிலின் கழுத்திலும் நேராக மோதினால், உள்ளிருக்கும் பெயரிங் குண்டுகளுக்கு இட்டிருக்கும் கிரீசை அது பெயர்த்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். வாளியில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரம் சிறிது கலந்து, துணியாலும் பிரஷாலும் மேலிருந்து கீழாகக் கழுவுவதே நல்லது. ஆடைக்குப் போடும் சலவைத்தூள் காரம் மிகுந்தது, அதைத் தவிருங்கள்.

கழுவி முடித்த பின்னர் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. சீட் தண்டு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதற்கு அதில் ஒரு துண்டு டேப்பைச் சுற்றி அடையாளமிட்டு, பூட்டைத் தளர்த்தித் தண்டை முழுவதுமாக வெளியே எடுங்கள். பிறகு சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்தால், மழைக்காலத்தில் ஓடிய சைக்கிளிலிருந்து தேநீர் நிறத்தில் நீர் வடிவதைக் காணலாம். சீட் தண்டின் ஓரமாக இறங்கிய மழை, ஃபிரேமின் குழாய்க்குள் வழிந்து, கிராங்க் அச்சு இருக்கும் அடிப்பகுதியில் தேங்கியிருந்ததே அது. வெளியே வண்ணம் மின்னும் இரும்பு ஃபிரேம் உள்ளேயிருந்து துளைபட்டுப் போவது இந்த நீரால்தான். அடிப்பகுதியில் வடிகால் துளை இருக்கும் சைக்கிளில் அத்துளை சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்று ஓர் ஈர்க்கினால் குத்திப் பாருங்கள். தண்டை வெளியே எடுத்தபடியே ஒரு பகல் வெயிலில் விட்டு, குழாய் உள்ளே காய்ந்ததும், தண்டின் மேல் மெல்லிய கிரீஸ் பூச்சுப் பூசி மீண்டும் இறக்குங்கள். அந்தப் பூச்சு நீரையும் தடுக்கும்; அடுத்த ஆண்டு தண்டு ஃபிரேமோடு இறுகிப் போகாமலும் காக்கும்.

உலர்த்துவதற்குக் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரையான வெயிலே போதும். அதற்குப் பிறகு மூடுபனி இறங்கத் தொடங்கினால், காய்ந்தது மறுபடியும் நனைந்துவிடும்.

எண்ணெய்

வீட்டில் எப்போதும் இருப்பது தேங்காய் எண்ணெய். செயினுக்கும் அதையே விடுகிறார்கள். கொழும்பிலாவது அது திரவமாக இருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்குகிறது. தை மாதக் காலையில் அடுப்படித் தட்டில் இருக்கும் போத்தலைச் சாய்த்துப் பார்த்தால், உள்ளே வெள்ளையாகக் கட்டிபட்டு அசையாமல் இருப்பதை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். செயினின் உருளைகளுக்குள்ளும் அது அப்படித்தான் இருக்கும். போதாததற்கு, சமையல் எண்ணெய் எதுவாயினும் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகி, தூசியையும் அடுப்புக் கரியையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே சமையல் எண்ணெய் சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம்.

வாகனத் திருத்துமிடங்களில் இலவசமாகக் கிடைக்கும் கழித்த என்ஜின் ஒயிலும் நல்லதல்ல. அதில் என்ஜினிலிருந்து உதிர்ந்த நுண்ணிய உலோகத் துகளும் கரியும் அமிலமும் கலந்திருக்கின்றன. புதிய என்ஜின் ஒயிலில் ஒரு சிறு போத்தல் வாங்கினால் செயினுக்குப் பல பருவங்களுக்குப் போதும். தையல் இயந்திர எண்ணெய் மெல்லியது. மழையில் ஓடும் செயினில் அது நிலைக்காது. ஆனால் கேபிள், பிரேக் லீவரின் ஆணி, ஃபிரீவீல் (பின்சக்கரத்துப் பற்சில்லு), ஸ்போக் முனைகள் ஆகியவற்றுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. டபிள்யூ.டி. 40 போன்ற தெளிப்பான்கள் ஒளிந்திருக்கும் நீரைத் துரத்துவதற்கு உரியவை. அவற்றை அடித்த பிறகு உரிய எண்ணெயை இடாமல் விட்டால் செயின் சில நாட்களிலேயே வறண்டுவிடும்.

செயினைக் கழுவ மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். அடுப்படியிலோ விளக்குக்கு அருகிலோ இதைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாகி, துணியால் ஒற்றினாலும் கறை படாத நிலைக்கு வந்த பின்னரே எண்ணெய் விட வேண்டும். உள்ளே மண்ணெண்ணெய் எஞ்சியிருந்தால் புதிய எண்ணெயையும் அது கரைத்துவிடும். பெடலை மெதுவாகப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு, செயினின் உட்பக்கத்தில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி வீதம் விடுங்கள். ஓடும் சைக்கிள் என்றால், சற்று நேரம் கழித்து வெளியே உள்ள எண்ணெயை முற்றாகத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மணலைச் சேர்க்கும். நிறுத்தி வைக்கும் சைக்கிளுக்கு மட்டும் வெளித்தட்டுகளில் மெல்லிய படலம் இருக்கட்டும். அதுவே பனிக்கு எதிரான போர்வை.

ஃபிரீவீலைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அதற்குள் பல்லைக் கவ்விப் பிடிக்கும் சிறு கொண்டிகள் வில்லின் பலத்தால் எழுந்து விழுகின்றன. அங்கே தடித்த கிரீசைத் திணித்தால், குளிரில் அது இறுகி, கொண்டிகள் எழாமல் போகும். அப்போது பெடலை மிதித்தால் கால் வெறுமையாகச் சுழலும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் அது நடந்தால் மிதிப்பவர் ஹாண்டிலின் மேல் விழுவார். ஃபிரீவீலுக்கு மெல்லிய எண்ணெய் சில துளிகள் போதும்.

பிரேக்

சமவெளியில் ஓடும் சைக்கிளுக்குப் பிரேக் பல உறுப்புகளில் ஒன்று. றம்பொடை வளைவுகளிலும் அப்புத்தளை இறக்கத்திலும் ஓடும் சைக்கிளுக்கு அதுவே உயிர். குளிர்கால ஓய்வில் மற்ற எதையும் கவனிக்க நேரமில்லாவிட்டாலும் இதைக் கவனியுங்கள்.

பிரேக் கேபிளின் வெளியுறைக்குள் புகுந்த நீர், உறை தாழ்வாக வளையும் இடத்தில் போய் நிற்கும்; உள்கம்பி அந்த இடத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். லீவரை அழுத்திவிட்டு விடும்போது அது தயங்கித் தயங்கித் திரும்பினால், உள்ளே துரு தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். கேபிளின் ஒரு முனையைக் கழற்றி, சிறிய பொலித்தீன் துண்டைப் புனல்போலக் கட்டி, தையல் எண்ணெயை ஊற்றி, மறுமுனையில் எண்ணெய் எட்டிப்பார்க்கும்வரை ஓர் இரவு தொங்கவிடுங்கள். முதலில் பழுப்பு நீர் வடியும், பிறகு தெளிந்த எண்ணெய் வரும். லீவருக்குள் கேபிளின் தலை அமர்ந்திருக்கும் இடத்தில் ஒரு புரிகூட அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால், எண்ணெய் விட்டுத் தேற்றப் பார்க்காதீர்கள், கேபிளையே மாற்றுங்கள்.

பிரேக் கட்டைகளைக் கழற்றி அவற்றின் முகத்தைப் பாருங்கள். மணற்பரல்களும் அலுமினியத் துணுக்குகளும் புதைந்திருந்தால் ஊசியால் கிள்ளி எடுங்கள். கண்ணாடிபோல மினுங்கும் முகத்தை அரத்தாளால் சற்றுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பழைய பெரிய சைக்கிள்களில் உள்ள குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் பல மடங்கு நீளும். அத்தகைய சைக்கிளில் மூடுபனிக் காலத்தில் செங்குத்தான இறக்கத்தில் ஓட்டிச் செல்லாமல், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் சரியென்பது என் உறுதியான எண்ணம்.

குரோம் ரிம்மில் தோன்றும் செம்புள்ளிகளுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் தோய்த்துத் தேய்த்தால், மேற்பரப்புத் துரு பெரும்பாலும் போய்விடும். சிலர் துருவைத் தடுப்பதற்கென்று ரிம் முழுவதும் எண்ணெய் பூசி வைக்கிறார்கள். மறுபடி எடுக்கும்போது ஓரிடத்தில் எண்ணெய் எஞ்சினாலும் பிரேக் பிடிக்காது என்பதால், மலையகத்தில் இதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கட்டை தொடும் பரப்பைத் துடைத்து வறட்சியாக வைத்தாலே போதும். எண்ணெய் வேண்டியது ஸ்போக் முனைகளுக்கும் ஹப்புக்கும் மட்டுமே.

வைக்கும் இடமும் மூடும் துணியும்

லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) ஆட்கள் படுக்கவே இடம் போதாதபோது சைக்கிளுக்கு எங்கே இடம் தேடுவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு எளிய விடை சுவர்தான். இஸ்தோப்பின் உட்சுவரில், மரவளையில் இறுக்கிய கொக்கியில் பழந்துணியோ பழைய டியூப் துண்டோ சுற்றி, முன்சக்கரத்தின் ரிம்மை அதில் மாட்டினால் சைக்கிள் நிமிர்ந்து சுவரோடு ஒட்டி நிற்கும். தரையின் ஈரமும் எட்டாது, டயரின் மேல் பாரமும் இராது. கொக்கியைத் தகரம் தாங்கும் மெல்லிய சட்டத்தில் மாட்டக்கூடாது. ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் உள்ள புதிய சைக்கிள்களை இப்படி நிறுத்தினால், எடுக்கும்போது லீவர் தளர்ந்திருக்கலாம். அவற்றைத் தரையிலேயே நிறுத்துவது நலம். கொக்கிக்கு வழியில்லாத வீட்டில், இரண்டு சக்கரங்களின் கீழும் பலகைத் துண்டு வையுங்கள். சீமெந்துத் தரை நிலத்தின் ஈரத்தை மேலே உறிஞ்சித் தரும்.

அடுப்படி உலர்ந்த இடம்போலத் தோன்றும். ஆனால் சோற்றுப் பானையின் ஆவி இரவில் குளிர்ந்த இரும்பில்தான் வந்து படியும். விறகுப் புகையின் கரியும் அதோடு சேரும். அடுப்பின் சூட்டில் டயரின் இறப்பர் வெடிக்கும். பசளை மூட்டை, மருந்து அடிக்கும் டாங்கி, வாகன மின்கலம் ஆகியவற்றுக்கு அருகிலும் சைக்கிளை நிறுத்தாதீர்கள்.

மூடுவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பொலித்தீன் உறையைத் தலை முதல் கால் வரை போர்த்திக் கீழே இறுகக் கட்டிவிட்டால், வெளிப்பனி உள்ளே வராது என்பது பலரின் நம்பிக்கை. தரையிலிருந்து எழும் ஆவி அந்த உறைக்குள் சிக்கி, இரவில் குளிர்ந்து, உறையின் உட்புறம் முழுவதும் வியர்த்து, சைக்கிளின் மேலேயே சொட்டும். பழைய சாரம், பருத்திப் படுக்கை விரிப்பு போன்ற காற்றுப் புகும் துணியே மேல். கூரை ஒழுகும் வீட்டில் படங்கை மேலே கூடாரம்போலக் கட்டி, பக்கங்களையும் அடியையும் திறந்து விடுங்கள். சவாரிக்காகச் சீட்டுக்கு மாட்டிய பிளாஸ்டிக் பையையும் வைக்கும்போது கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சுக்குள் இருக்கும் ஈரம் போக வழியின்றிப் பூஞ்சணம் பிடிக்கும். விளக்கில் பற்றரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

டயர்

ஓடாமல் நின்றாலும் டியூபிலிருந்து காற்று சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டே இருக்கும். அதற்கு மேல், வெப்பநிலை 10 பாகை குறைந்தால், 50 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டும் காற்றழுத்த அலகு) அழுத்தம் உள்ள டயரில் சுமார் 2 பி.எஸ்.ஐ. குறையும். காற்றிறங்கிய டயரைப் பாரத்தோடு ஒரே இடத்தில் நிறுத்தினால், மடிந்த பக்கச் சுவரில் வெடிப்புகள் விழும். மாதத்துக்கு இரண்டு தடவை பம்ப் அடித்து, டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் வைத்திருங்கள். அப்படிச் செய்யும்போதே சக்கரங்களைச் சுற்றிவிட்டு, தரையைத் தொடும் இடத்தையும் மாற்றிவிடுங்கள். சுழற்சியில் ஹப்பின் கிரீஸும் எல்லாக் குண்டுகளுக்கும் பரவும்.

இதைவிடச் சிறந்த பராமரிப்பு ஒன்று உண்டு. வெயில் விழும் ஒரு நண்பகலில், வாரத்துக்கு ஒரு தடவையாவது, சமமான தோட்டப் பாதையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் துடைத்து வையுங்கள். அப்படி ஓடும் சைக்கிள், எண்ணெய் பூசி மூன்று மாதம் மூலையில் நின்ற சைக்கிளை விட நல்ல நிலையில் இருக்கும். வெளியே ஓடி வந்த குளிர்ந்த சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதன் மேல் நீர் பூக்கும். அது காய்ந்த பிறகே துணி போர்த்த வேண்டும்.

மீண்டும் எடுக்கும் நாளில்

முதலில் டயர். காற்றடித்து ஓர் இரவு விட்டுப் பார்த்து, பக்கச் சுவரை விரலால் வளைத்து, நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு உண்டா என்று பாருங்கள். அடுத்து செயின். பாடசாலைப் பிள்ளைகளின் 12 அங்குல அடிக்கோலை இழுத்துப் பிடித்த செயினின் மேல் வைத்து, ஓர் ஆணியின் நடுவை பூச்சியத்தில் நிறுத்துங்கள். புதிய செயினில் 24 கண்ணிகள் தாண்டி வரும் ஆணியின் நடு, சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் ஃபிரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்ற நேரும். சிறிய தோட்டங்களில் உதிரிப்பாகம் கிடைக்காது. டவுனுக்கு இறங்கும் நாளிலேயே அளவைக் குறித்துக்கொண்டு போனால் சைக்கிள் திருத்தும் பாஸிடம் இரண்டாம் தடவை அலைய வேண்டியதில்லை.

சக்கர நட்டுகள், ஹாண்டில் கழுத்து, சீட் பூட்டு ஆகியவற்றை ஸ்பானரால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளும்போது கழுத்தில் டக்கென்று தட்டினால், அங்கே குண்டுகள் தளர்ந்திருக்கின்றன. இரண்டு லீவர்களையும் முழுப் பலத்தோடு அழுத்துங்கள். எதுவும் ஹாண்டிலைத் தொடக்கூடாது. பிறகு சமதரையில், நடக்கும் வேகத்தில், முன்னையும் பின்னையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். கட்டைகளும் ரிம்மும் மறுபடி பழகுவதற்குச் சில தடவைகள் பிடித்து விட வேண்டியிருக்கும். முதல் நாளில் இறக்கமான வீதிக்குப் போகாதீர்கள். புதிய கேபிள் போட்டிருந்தால் சில நாள் ஓட்டத்தில் அது சற்று நீளும். ஒரு வாரம் கழித்து அதை மறுபடி இறுக்கி, லீவரை இன்னொரு முறை சோதித்த பின்னர் மலை வீதியில் இறங்கலாம்.